பாத்திரம் அறிதல்

தமிழில் ‘பாத்திரம்’ என்கிற சொல் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் புழங்குகிறது. அடுப்பங்கரையில் அது ஏனம். கதையிலும் நாடகத்திலும் அது ஆள். மூன்றாவது இடத்தில் அது தகுதி. ‘அன்புக்குப் பாத்திரமானவர்’, ‘தண்டனைக்குப் பாத்திரமானவன்’ என்கிறோம். ‘கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு, பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்கிற பழமொழி இந்த மூன்றையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறது. ஏனத்தைப் பார்த்து ஆளை அறி, ஆளை அறிந்து அளவாகப் போடு. மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளரை ‘அபபாத்திரர்’ ஆக்கச் சொல்கிறது. அவர்கள் புழங்கிய ஏனத்தைப் பிறர் புழங்கக் கூடாது. அவர்கள் உண்ண வேண்டியது உடைந்த கலத்தில். மனிதர்களை ஊருக்கு வெளியே தள்ளுவதற்கு அந்தப் பிரதி எடுத்துக்கொண்ட அடையாளம் ஒரு சமையலறைச் சாமான்.

எம்.ஏ. வகுப்பில் மணிமேகலை படித்தபோது அமுதசுரபியை ‘அற்புதப் புனைவு’ என்று குறிப்பெழுதிக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டோம். மூன்று காதைகளின் தலைப்பிலேயே ‘பாத்திரம்’ வருகிறது: பாத்திரம் பெற்ற காதை, பாத்திர மரபு கூறிய காதை, பாத்திரங்கொண்டு பிச்சை புக்க காதை. அந்தப் பாத்திரத்தை முதலில் கையில் வாங்கியவன் ஆபுத்திரன். பிறப்பைச் சொல்லி ஊர் அந்தணர்கள் விரட்டிவிட்டவன். சிந்தாதேவி அதை அவனுக்குக் கொடுப்பது மதுரையில். பசியைத் தவிர வேறெந்தக் கோத்திரத்தையும் கேட்காத ஒரு ஏனம் அது. பழமொழியையும் காப்பியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ‘பாத்திரம் அறிதல்’ என்பதற்கு இரண்டு எதிரெதிர் அர்த்தங்கள் இங்கே மோதிக்கொண்டு கிடந்திருப்பது தெரியும். இந்த மோதல் இன்றைக்கு எங்கே நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. அது இலக்கியத்தில் நடப்பதைவிட வீட்டுச் சாமான் விற்கிற இடத்தில்தான் அதிகம் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நவீனமான, ‘ரசனையுள்ள’ வீடுகளுக்கான பாத்திர வகைகளைப் பாருங்கள். மண்சட்டி, கல்சட்டி, வார்ப்பிரும்புத் தோசைக்கல், வெண்கலப் பானை, பித்தளை டபரா செட், செம்புத் தண்ணீர் பாட்டில், மரத்தில் கடைந்த தட்டு, பளபளப்பு நீக்கிய சாம்பல் நிறப் பீங்கான் கிண்ணம், ஈயச்சொம்பு. இவற்றை விற்கிற மொழியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டால் அதில் திரும்பத் திரும்ப வருகிற குறிப்பான்கள் மூன்றே மூன்று: பாட்டி, பாரம்பரியம், ஆரோக்கியம். மூன்றாவது பற்றி மருத்துவர்கள் பேசட்டும். முதல் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பாட்டி சமைத்ததால் அது பாரம்பரியம்; பாரம்பரியம் என்பதால் அந்தப் பாட்டி எல்லோருக்குமான பாட்டி.

யாருடைய பாட்டி?

ஈயச்சொம்பு ரசத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே நீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு கூழாகிப்போகும். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காட்டு வேலைக்குப் போய் இருட்டின பிறகு வந்து உலை வைக்கிற வீட்டில் இப்படியொரு ஏனம் இருந்திருக்க வழியில்லை. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் காடுகளில் கடலை பறித்த எந்தப் பாட்டிக்கும் ஈயச்சொம்பு ஞாபகம் இருக்காது. அவளது ஞாபகத்தில் இருப்பது மண்சட்டியும் அலுமினியப் போசியும்தான். இதில் மண்சட்டி மட்டும் இப்போது ‘பாரம்பரிய’ வரிசையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அலுமினியப் போசிக்கு இடமில்லை. ஏழ்மையிலிருந்து அழகாக எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிற இந்தத் தேர்வைத்தான் போர்தியூ 1979இல் ரசனை பற்றிய தன் பெரிய நூலில் வர்க்கத்தின் வேலை என்று காட்டினார். ஆனால் அவருடைய பிரான்சில் ரசனைக்குப் பின்னால் வர்க்கம் இருந்தது. இங்கே அதற்கும் பின்னால் ஒன்று இருக்கிறது.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில் ஒன்று: வீடுகளில் மண்பாண்டங்களைத் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பெண்கள் தண்ணீர் எடுக்க மண்குடம்தான் கொண்டுபோக வேண்டும், செம்புக் குடமோ பித்தளைக் குடமோ ஆகாது என்பது அதில் சேர்ந்தது. இதோடு நிற்கவில்லை. தலையில் வைக்கிற சும்மாடும் வைக்கோலாகத்தான் இருக்க வேண்டும், துணியாக இருக்கக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இந்தப் பட்டியல்களைத் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்றைய இராமநாதபுரத்துக்குள் இருந்தது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டம், 1985இல்தான் பிரிந்தது. ஆகவே இது எங்கோ நடந்த கதை என்று சொல்ல முடியாது, அடுத்த வீட்டு விஷயம்.

அம்பேத்கரும் 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ உரையில் இதேபோன்ற ஒன்றைச் சொல்கிறார். 1935 நவம்பரில் அகமதாபாத் மாவட்டத்து ஜானு என்கிற ஊரில், வசதியுள்ள தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கியதற்காகத் தாக்கப்பட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அவர்களிடம் குடம் வாங்கக் காசு இருந்தது என்பதுதான். பண்டத்தை வாங்கும் சக்தி இருந்தும் வாங்கும் ‘பாத்திரம்’ இல்லை. மார்க்சியர்களின் பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்கிற இரட்டைக்குள் இந்தக் குடம் அடங்காது. மூன்றாவதாக ஒரு மதிப்பு, அதாவது யாருக்கு எது தகும் என்கிற மதிப்பு, அந்த இரண்டையும் முந்திக்கொண்டு நிற்கிறது.

இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் எவர்சில்வரின் வரலாறு புரியும். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழலுக்காக உலோகக் கலவை தேடப்போய்த் துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். அது நம்மிடம் வந்தபோது சாத்திரத்தில் அதற்கு இடம் இல்லை. பொன், வெள்ளி, செம்பு, வெண்கலம், மண் என்று ஒவ்வொன்றுக்கும் தீட்டும் சுத்தியும் எழுதிவைத்தவர்கள் குரோமியத்தைக் கேள்விப்பட்டதில்லை. எந்த உலோகத்துக்கு எந்தச் சாதி என்று கணக்கு முடிந்துபோன ஒரு சமூகத்துக்குள் கணக்கில் வராத ஒரு உலோகம் நுழைந்தது. தமிழர்கள் அதற்கு வைத்துக்கொண்ட பெயரையும் பாருங்கள்: எவர்சில்வர். மங்காத வெள்ளி! வெள்ளி போடாதே என்று தடை விதித்த நாட்டில் சோறு தின்கிற தட்டின் பெயரிலேயே வெள்ளி ஏறிக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை ஓடத் தொடங்கியபோது இந்தத் தகடு நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்காகவும் ஆகிவிட்டது.

எங்கள் அப்பத்தாவிடம் இரண்டு எவர்சில்வர் குடங்கள் இருந்தன. பரண்மேல் துணி போட்டு மூடி வைத்திருப்பார். கழுத்தில் புள்ளிப் புள்ளியாக அவர் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். வீட்டுக்குப் பட்டா தாத்தா பேரில், ரேஷன் கார்டு அப்பா பேரில், அவர் பெயர் எழுத்தாக இருந்த ஒரே இடம் அந்தக் குடங்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பத்து வீட்டு ஏனங்கள் கலந்து கிடக்கிற விசேஷ வீட்டில் தன் குடத்தை எழுத்தைத் தடவியே எடுத்துவிடுவார். போன கோடையில் வீட்டுக்கு ஒரு மண்பாட்டில் வந்தது. மூடியோடு, கழுத்தில் சணல் சுற்றி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. “அப்பத்தா, இதுல தண்ணி குடிச்சுப் பாருங்க, ருசியே வேற” என்றேன். வாங்கிக் குடித்துவிட்டு, “மம்பானைல என்னடா ருசி. அன்னிக்கு வேற இல்ல, குடிச்சோம்” என்று சொல்லிவிட்டுச் சொம்பைத் தேடினார்.

மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சிதான். நுண்துளைகள் வழியே கசிகிற நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இதை யாரும் மறுக்கப் போவதில்லை. அப்பத்தா மறுத்தது குளிர்ச்சியை அல்ல. ‘வேற இல்ல’ என்கிற இரண்டு சொற்கள் விளம்பரப் பிரதிக்குள் எங்கேயும் வராது. தேர்ந்தெடுக்க முடிந்தவனிடம் மண் எளிமையாக இருக்கும். காந்திகிராமம் 1947இலிருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. கிராமக் கைத்தொழில் பற்றி அங்கிருந்து பரவிய பேச்சில் உண்மையான அக்கறை இருந்ததை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டளையாக வந்த மண்ணையும் விரதமாக எடுத்த மண்ணையும் ஒரே மண்ணாகப் பார்க்கிற பழக்கம் அந்தப் பேச்சுக்கும் உண்டு, இன்றைய கடைக்கும் உண்டு.

பித்தளைக்கு இன்னொரு கதை இருக்கிறது. புளி பட்டால் களிம்பு ஏறும். ஆகவே உள்ளே ஈயம் பூச வேண்டும், பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். வெளியே தினமும் புளியும் சாம்பலும் போட்டு விளக்க வேண்டும். விளக்கியது யார் என்பதைப் பாரம்பரியச் சொல்லாடல் சொல்லாமல் நழுவுகிறது. படத்தில் பித்தளை மின்னும். விரலிடுக்கில் புளி அரித்த புண் படத்தில் வராது. நாகரிகப் பித்தளையை இன்றைக்கு வாங்குகிற வீட்டிலும் விளக்குவது பெரும்பாலும் வேலைக்கு வருகிற அக்காதான். அவருக்குப் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

இனி வடிவமைப்பு என்கிற அறிவுத்துறைக்கு வருகிறேன். அதற்கு இந்தியாவில் ஒரு மூலப்பிரதி உண்டு. 1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்கிற அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியதற்கு அதுவே அடிப்படை. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களில் மிகச் சிறந்ததாக அவர்கள் அதில் வைத்தது நம் சொம்பை. அதை எந்தத் தனி மனிதனும் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்கிறார்கள். பிறகு, ஒரு சொம்பை வடிவமைக்க என்னவெல்லாம் யோசிக்க வேண்டும் என்று நீண்ட வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், தூக்குகிற கையின் அளவென்ன, பலமென்ன, அது ஆண் கையா பெண் கையா, தலையில் தூக்குவதா இடுப்பிலா, சரிக்கும்போது எடை எப்படி மாறும், கழுவக் கை உள்ளே போகுமா, கல்லில் வைத்தால் என்ன ஓசை வரும், வெயில் பட்டால் எப்படி மின்னும், அதை வைத்திருப்பது, விற்பது, பிறருக்குக் கொடுப்பது எப்படிப்பட்ட உணர்வு... அற்புதமான வரிசை, எனக்குப் பிடித்த உரைநடையும்கூட. ஒரு பொருளை இவ்வளவு கருணையோடு பார்த்த எழுத்து நம் விமர்சகர்களிடம் குறைவு.

ஆனால் கையின் பாலினம் வரை கேட்டவர்கள் கையின் சாதியைக் கேட்கவில்லை. ஜானு சம்பவம் நடந்து அப்போது 23 வருஷம்தான் ஆகியிருந்தது. தலையில் தூக்குவது பற்றி யோசித்தவர்களுக்குச் சும்மாடு வைக்கோலா துணியா என்பது வடிவமைப்புச் சிக்கலாகத் தெரியவில்லை. தெரிய வாய்ப்பும் இல்லை. வெளியிலிருந்து வந்தவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த வரிசையைப் பாடமாக வைத்துக்கொண்ட நம்மவர்கள் விடுபட்ட ஒரு கேள்வியை நிரப்பியிருக்கலாம். ‘பல தலைமுறை, பல கைகள், பெயரில்லாத கூட்டுப் படைப்பு’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. தமிழ்ச் சினிமாவின் ஆலமரத்தடிக்குப் போய்ப் பாருங்கள், நாட்டாமைக்குப் பக்கத்தில் அந்தச் சொம்பு இருக்கும். இன்றைய பேச்சுத்தமிழில் அதிகாரத்தில் இருப்பவன் பின்னால் போகிறவனுக்குச் ‘சொம்பு தூக்கி’ என்று பெயர். யார் வைத்திருக்கிறார், யார் தூக்குகிறார் என்பதை நம் வசைமொழி மறக்கவில்லை.

கூட்டுப் படைப்பு என்றதும் பெயர் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, இந்திய ஸ்டுடியோ மண்கலைக்கு ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. உயர்ந்த வெப்பத்தில் சுட்ட கனமான கலங்கள். இன்றைய சாம்பல் நிறத் தட்டுக் கிண்ணங்களின் ரசனைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு வேர் உண்டு. இத்தகைய ஸ்டுடியோக் கலங்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் செய்தவர் முத்திரை இருக்கும். நம் ஊர் வேளார் செய்த சட்டியைக் கவிழ்த்தால் கரிதான் இருக்கும். எவர்சில்வர் குடத்தைத் திருப்பினால் கழுத்தில் வாங்கியவர் பெயரோ கொடுத்தவர் பெயரோ இருக்கும். ஃபூக்கோ 1969இல் ‘ஆசிரியன்’ என்பது ஒரு செயல்பாடு என்றார். பாத்திரத்தில் அது கண்ணால் பார்க்கிற மாதிரி நடக்கிறது. ஒரே சக்கரம், ஒரே களிமண். ஒருவர் கையில் அது கலை, கையெழுத்துப் போடலாம். இன்னொருவர் கையில் சாதித் தொழில், கையெழுத்துக் கிடையாது. எவர்சில்வரிலோ ஆசிரியனே இல்லை, வாசகியின் பெயர் மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியனின் மரணம் பற்றி நம்மவர்கள் கட்டுரை எழுதுவதற்கு முன்னாலேயே திண்டுக்கல் கடைவீதியில் அது அமலாகிவிட்டது!

சுபோத் குப்தா என்கிற பீகார்க் கலைஞர் 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி ஒரு பெரிய மண்டையோடு செய்தார். 2007இல் அது வெனிஸ் நகரக் கால்வாய் ஓரத்தில் நின்றது. சங்கத் தமிழில் ‘மண்டை’ என்றால் பாணர்கள் சோறு வாங்குகிற கலம். இரவலன் கலமும் இறந்தவன் தலையும் தமிழில் ஒரே சொல்லாக நிற்கிற விஷயம் அவருக்குத் தெரிந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

பாத்திரத்தில் முக்கியமான இடம் எது என்று கேட்டால் நான் விளிம்பு என்பேன். கோட்பாட்டு நண்பர்கள் சொல்கிற விளிம்பு இல்லை, டம்ளர் விளிம்பு. டபரா செட் டம்ளரின் வாய் வெளிப்பக்கம் மடிந்திருக்கும். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள அது வசதி. எச்சில் என்கிற கருத்து உலோகத்தில் வளைந்து நிற்கிற இடம் அது. பிடி வைத்த பீங்கான் கோப்பையில் அண்ணாந்து குடிக்க முடியாது, வாய் வைத்தே ஆக வேண்டும். ‘கப்பும் சாசரும்’ நம் வீடுகளில் வெகுகாலம் ஷோகேஸ் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடந்ததற்கு விலை மட்டும் காரணமாக இருக்க முடியாது. வாய் வைத்துக் குடிப்பதை வீடு ஏற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. ஏற்றுக்கொண்டதும் ஆளுக்கொரு மக், அதில் ஆளுக்கொரு போட்டோ என்று பிரித்துவிட்டது. எச்சில் போய்விட்டதா, தனிமனித உரிமை என்று சட்டை மாற்றிக்கொண்டதா என்பது தெளிவாக இல்லை. வாழையிலை மாதிரி நரம்பு அச்சிட்ட மெலமைன் தட்டுகளையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். இலையின் சாரமே தின்றதும் தூக்கி எறிவதுதான், எறிந்த எச்சிலிலையை எடுப்பதற்கென்று ஒரு ஆள் இருந்ததுதான். மெலமைன் இலை அந்த ஆளை அழித்துவிட்டுப் பச்சை நிறத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. பார்த் இருந்திருந்தால் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்.

வீட்டுக்குள் இப்படி என்றால் வெளியே டீக்கடை. தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காவது பிரிவு, பொது உணவுவிடுதியில் உள்ள பாத்திரங்களைப் புழங்குவதிலிருந்து ஒருவரைத் தடுப்பதைத் தனியாகப் பெயர்சொல்லிக் குற்றமாக்குகிறது. ஒரு சட்டம் டம்ளரைப் பற்றிப் பேச வேண்டியிருந்த நாடு இது. இரட்டைக் குவளைக்கு எதிராக இயக்கங்கள் கிராமம் கிராமமாகப் போனபோது பல இடங்களில் குவளை ஒன்றாகவில்லை. ஒரு பக்கம் கண்ணாடி டம்ளர், இன்னொரு பக்கம் தூக்கியெறிகிற கப் என்று வந்தது. குடித்துவிட்டு எறிந்துவிடலாம், கழுவ வேண்டாம், தீட்டும் இல்லை. நவீனப் பொருள் ஒன்று பழைய விதியை இவ்வளவு சுத்தமாகச் செய்துகொடுத்ததற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை வந்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. சுற்றுச்சூழல் காரணத்துக்காக வந்த தடை, கழுவி வைக்கிற டம்ளரை மறுபடி எல்லோருடைய கைக்கும் கொண்டுவர வேண்டும். பல கடைகளில் காகிதக் கப் போகவே இல்லை என்பது நாம் பார்ப்பதுதான்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாகக் கரூர் போகிற நான்குவழிச் சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று போர்டு மாட்டிய கடைகள் இருக்கின்றன. காரை நிறுத்துகிற எல்லோருக்கும் பித்தளை டபரா டம்ளர்தான். அங்கே யாரும் யாருடைய கோத்திரமும் கேட்பதில்லை. அந்தச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகிற ஒரு ஊரில், போன பங்குனியில், நானும் நண்பரும் டீ சொன்னோம். கடைக்காரர் எங்களை ஒருமுறை பார்த்தார். “எந்த ஊரு தம்பி?” என்றார். “திண்டுக்கல்லுங்கண்ணே” என்றேன். “திண்டுக்கல்ல எங்கிட்டு?” என்று கேட்டுக்கொண்டே அவர் கை கண்ணாடி டம்ளருக்கும் காகிதக் கப்புக்கும் நடுவில் நின்றது.